ஃபிளெக்ஸ் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்ததை யூஐ டிசைனர் போர்ட்ஃபோலியோவில் சொல்லலாமா?

கேள்வி கேட்பவர்: கொலுசுத்தெரு

எல்லோருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 24, பி.காம் முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டு முன் அறைதான் அப்பாவின் கொலுசுப் பட்டறை. வியாபாரி வெள்ளி கொடுப்பார், அப்பாவும் இரண்டு பேரும் கொலுசாக்கித் திருப்பிக் கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து கம்பி இழுக்கிற சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன்.

கல்லூரி முடித்ததும் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராகச் சேர்ந்தேன். கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் அங்கேதான் கற்றேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு, எல்லாம் போட்டிருக்கிறேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வந்துவிட்டால் ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்திருப்போம். இரண்டு வருடம் அப்படிப் போனது.

அப்புறம்தான் ஆப், வெப்சைட் இவற்றுக்கு ஸ்கிரீன் வரைவதே யூஐ டிசைன் என்று ஒரு தனி வேலை எனத் தெரிந்தது. எட்டு மாதமாக ராத்திரியில் யூடியூப் பார்த்து, ஸ்கிரீன் வரைகிற ஃபிக்மா மென்பொருளைக் கற்றேன். கடையை விட்டுவிட்டேன். போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பு) மூன்று வேலை வைத்திருக்கிறேன்: உணவு டெலிவரி ஆப் ஒன்றின் மறுவடிவமைப்பு, தியான ஆப், வெளிநாட்டுப் பயண ஆப். பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

31 இடத்துக்கு அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்துதான் பதில் வந்தது. ஒரு நிறுவனம் ஒரு மருத்துவ ஆப்புக்கு ஐந்து ஸ்கிரீன் செய்து அனுப்பச் சொன்னது. நான்கு ராத்திரி தூங்காமல் செய்து அனுப்பினேன். அதன்பின் ஒரு வரி பதில்கூட இல்லை. இரண்டு முறை மெயில் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இன்னொரு இடத்தில் வீடியோ இன்டர்வியூ. எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். உணவு ஆப்பைப் பார்த்துவிட்டு, “இதை யாருக்காகச் செய்தீர்கள்?” என்று கேட்டார். “25 முதல் 35 வயது வரை, வேலைக்குப் போகிறவர்கள்” என்றேன். “அப்படி ஒருவரிடமாவது பேசினீர்களா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி மூன்று வாரமாக மண்டைக்குள்ளேயே இருக்கிறது.

ஃபிளெக்ஸ் கடை வேலையை ரெஸ்யூமில் எங்கேயும் எழுதவில்லை. ஒரு தோழி, அதைப் போட்டால் மதிக்கமாட்டார்கள் என்றாள். அந்த இரண்டு வருடத்தைச் சொல்லலாமா? பெங்களூர் போனால்தான் இந்த வேலை கிடைக்குமா, சேலத்திலேயே இருந்து செய்ய முடியாதா? அப்பா, “பட்டறைக் கணக்கைப் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் பேங்க் பரீட்சை எழுது” என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, கவலையில் சொல்கிறார். அவருக்கு நான் ஏதாவது பதில் வைத்திருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில்: சில்வர்ஓக்

தங்கச்சி, ஃபிளெக்ஸ் கடையை மறைக்காதே. அதை முதல் பக்கத்தில் வை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நான் ஏற்காடு, நாகலூர்ப் பக்கம். 2013-ல் பெங்களூரில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ஃபோட்டோஷாப்பில்தான் ஸ்கிரீன் வரைவோம். பிறகு ஸ்கெட்ச் என்ற மென்பொருள் வந்தது, 2019-ல் எங்கள் குழு ஃபிக்மாவுக்கு மாறியது. 2022-ல் ஃபோட்டோஷாப்பைச் செய்யும் அடோபி அந்த ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தபோது, திரும்பவும் எல்லாம் மாறப்போகிறது என்று எல்லோரும் பதறினோம். 2023 டிசம்பரில் அந்தப் பேரமே கைவிடப்பட்டது. கருவிக்காக ரொம்பக் கவலைப்படாதே, எட்டு மாதத்தில் கற்றுவிட்டாய், அது போதும். 2020 ஊரடங்கில் மலைக்கு வந்தவன் இங்கேயே இருந்துவிட்டேன். வீட்டைச் சுற்றிக் காப்பிச் செடி, சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி. வேலை இருக்கும்போது 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வருவேன்.

உனக்கு ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே வந்தபிறகு, ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு ஆப் செய்தோம். மரவள்ளிக் கிழங்கு லாரியில் வரும். எடை மேடையில் வண்டியோடு ஒரு எடை, கிழங்கை இறக்கியபிறகு காலி வண்டி எடை. மண், தண்டு, அழுகல் இதற்கெல்லாம் கழிவு பிடிப்பார்கள். அப்புறம் மாவுச்சத்துக்குப் பாயிண்ட் பார்ப்பார்கள். விவசாயிக்கு விலையே பாயிண்ட் கணக்கில்தான். இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஒரு அக்கா இனிமேல் போனில் போட வேண்டும். அதுதான் என் வேலை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டில் எத்தனை பத்தி இருந்ததோ அத்தனை பெட்டியை ஸ்கிரீனில் வைத்தேன். முதலில் ஆங்கிலத்தில் வரைந்தேன். எல்லாம் ஒரே வரியில் கச்சிதமாக நின்றது. கடைசி நாளில் தமிழை ஒட்டினேன். இரண்டு பெட்டி பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்று ‘கழிவு எடை’, இன்னொன்று ‘கழிவு போக எடை’. என் மேக்கில் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை.

அந்த அக்காவுக்கு வெள்ளெழுத்து. போனில் எழுத்து அளவைப் பெரிதாக்கி வைத்திருந்தார். லேபிள் இரண்டாவது வரிக்கு இறங்கியது. நான் உயரத்தை ஒரு வரிக்கு மட்டும் கட்டி வைத்திருந்ததால் இரண்டாவது வரி மறைந்துவிட்டது. இரண்டு பெட்டியின் மேலும் ‘கழிவு’ என்ற ஒரே சொல்தான் தெரிந்தது. அக்கா யாரிடமும் புகார் சொல்லவில்லை. இடது பக்கம் கழிவு, வலது பக்கம் மிச்சம் என்று மனதில் பதிய வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். மூன்றாவது மாதம் ஒரு அப்டேட்டில் நான் பெட்டிகளை இடம் மாற்றினேன். அப்படி வைத்தால் வரிசை நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, வேறு காரணமே இல்லை.

அடுத்த நாள் காலை, ஏழு டன்னுக்கு மேல் கிழங்கு கொண்டுவந்த ஒரு பெரியவர் கையில் 240 கிலோவுக்கு எடைச் சீட்டு. பின்னால் ஒன்பது லாரி நிற்கிறது. பெரியவர் சத்தம் போடுகிறார், ஆலைக்காரர் அந்த அக்காவைத் திட்டுகிறார். நான் மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது அக்கா, “தம்பி, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை போல” என்றார். அவர் அதைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. ஆலைக்காரரிடமும் அந்தப் பெரியவரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.

மறுநாளிலிருந்து நான்கு நாள் அந்த எடை மேடை அறையிலேயே உட்கார்ந்தேன். அங்கே பார்த்தவை எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வெயில் நேராக ஸ்கிரீனில் விழுந்ததால் அக்கா முந்தானையை விரித்து நிழல் செய்து பார்த்தார். நான் லேபிளுக்கு வைத்திருந்தது மெல்லிய சாம்பல் நிறம், அதன் நிறக் குறியீடு (ஹெக்ஸ் எண்) 999999. வெள்ளைப் பின்னணியில் அதன் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 3-க்கு 1 கூட வராது. எல்லோரும் பயன்படுத்தும்படி வெப் பக்கம் செய்யச் சொல்லும் டபிள்யூசிஏஜி வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்கிறது. 767676 வரை கருப்பாக்கினால்தான் அந்த எல்லையைத் தொடும். நான் அதற்கும் மேலே போய்க் கிட்டத்தட்டக் கருப்பே வைத்தேன்.

விரலெல்லாம் கிழங்கு மண். ஆண்ட்ராய்டு வழிகாட்டியில் பட்டன் 48 டிபி இருக்கட்டும் என்கிறார்கள், ஆப்பிள் 44 பாயிண்ட் என்கிறது (இரண்டும் ஸ்கிரீனில் அளவு சொல்லும் அலகு). நான் 64 வைத்தேன். பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று எழுதியிருந்தேன். “சமர்ப்பணம் என்று கோயிலில்தானே சொல்வார்கள் தம்பி” என்று அக்கா கேட்டார். அந்த அறையில் எல்லோரும் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லும் சொல் ‘சீட்டு போடு’. பட்டனிலும் அதையே போட்டோம். கழிவு போக எடை என்ற பெட்டியையே எடுத்துவிட்டேன். கழிவை மட்டும் அடித்தால் போதும், மிச்சத்தை மெஷின் கழித்துப் பெரிய எழுத்தில் காட்டும். நோட்டில் மனிதர் கணக்குப் போட்டதால் அந்தப் பத்தி இருந்தது. போனில் அதற்கு என்ன வேலை? இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது உன் ஃபிளெக்ஸ் கடைக்கு வருகிறேன். தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் நீளும் என்பது உனக்குக் கையிலேயே தெரியும். பெட்டி இறுக்கமாக இருந்தால் மேலே சுழி வெட்டுப்பட்டு ‘மீதி’ என்பது ‘மிதி’ மாதிரி தெரியும், புள்ளி போய்விட்டால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை பார்த்தவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. பதிமூன்று அடி பேனரில் எந்த ஊர், எந்தத் தேதி, யார் வீட்டு விசேஷம் என்பது அஞ்சு ரோட்டில் பஸ்ஸில் போகிறவர் கண்ணில் விழ வேண்டும் என்றுதானே அளவு வைத்தாய்? அதைத்தான் எங்கள் வேலையில் விஷுவல் ஹைரார்க்கி என்கிறார்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று “மாமா படத்தைப் பெரிசாக்கு” என்பார், நீ பேசிப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருப்பாய். அதுவும் இந்த வேலையில் பாதி.

கடையில் பாமினி, ஸ்ரீலிபி மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்துப் பழகியிருப்பாய். ஆப்பில் யூனிகோட் (எல்லாப் போனுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மட்டும்தான். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் இவை நான்கும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். நான்கையும் ஒரே பத்தியில் போட்டு, லைன் ஹைட்டை (வரி உயரம்) 1.5-லிருந்து மேலே ஏற்றிப் பார். எது மூச்சு விடுகிறது என்று உன் கண் சொல்லிவிடும்.

தியான ஆப்பையும் பயண ஆப்பையும் எடுத்துவிடு. உன் வீட்டு முன் அறையில் ஒருவர் தினமும் கணக்கு எழுதுகிறார். அந்த நோட்டைப் பார். “யாருக்காகச் செய்தீர்கள்” என்று அடுத்தவர் கேட்கும்போது உனக்கு ஒரு முகம் ஞாபகம் வர வேண்டும்.


பதில்: தறிக்காரர் பேரன்

அம்மாப்பேட்டையிலிருந்து. எனக்கு டிசைன் தெரியாது. ஆனால் கொலுசுக் கணக்கு ஆப் மாதிரி ஏதாவது செய்தால், பார்த்துச் சொல்ல எங்கள் தெருவில் ஆள் இருக்கிறார்கள். தாத்தாவுக்கு 71 வயது, பட்டு நூல் கொடுக்கல் வாங்கலை இன்னும் அவரே எழுதுகிறார். எடை கொடுத்து எடை வாங்குகிற கணக்குதான் அதுவும். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.


பதில்: அஸ்தம்பட்டி அக்கா

சில்வர்ஓக் சொன்னதில் பெரும்பாலும் எனக்குச் சம்மதம். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். அவர் மலையில் உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறதென்றால், அதற்கு முன்னால் ஏழு வருடம் பெங்களூரில் இருந்ததும் ஒரு காரணம். அந்தப் பகுதியை அவர் ஒரே வரியில் தாண்டிவிட்டார்.

நான் பெங்களூரில் ஆறு வருடம் இருந்தேன். குழந்தை பிறந்தபிறகு சேலம் வந்து வீட்டிலிருந்தே அதே குழுவுக்கு ஆஸ்பத்திரி பில்லிங் மென்பொருளுக்கு ஸ்கிரீன் செய்கிறேன். முதல் வேலையை இப்படி வீட்டிலிருந்து பார்த்திருந்தால் பாதி விஷயம் எனக்குத் தெரிந்தே இருக்காது. என் முதல் வருடத்தில் எங்கள் சீனியர் ஒருவர் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லோர் வேலையையும் பெரிய டிவியில் போடச் சொல்வார். “இந்த பட்டன் ஏன் இங்கே?” என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும். முதல் மாதம் அழுதேன். ஆறாவது மாதம் நானே மற்றவர்களைக் கேட்க ஆரம்பித்தேன். ஒருவர் வரைந்த கம்பொனென்ட்டை (பட்டன் மாதிரி திரும்பத் திரும்ப வரும் துண்டு) நாற்பது பேர் எப்படிப் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள், ஒரு நிறத்தை மாற்றினால் எங்கெல்லாம் மாறும், இவற்றைப் பெரிய குழுவுக்குள் இருந்தால்தான் பார்க்க முடியும். தனியாக இருந்தால் நம் தப்பு நமக்குப் பழகிவிடும்.

அதனால் என் பேச்சு இதுதான் தங்கம்: சேலம் பொருளை வைத்து போர்ட்ஃபோலியோ செய், அதை வைத்து பெங்களூரோ சென்னையோ கோவையோ, நல்ல சீனியர் இருக்கிற இடத்தில் இரண்டு வருடம் சேர். புதுப் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி ஏறினால் விடிகிறதுக்குள் பெங்களூர். அப்பாவை வாராவாரம் வந்து பார்க்கலாம். இப்போது கருப்பூரில் ஐடி நிறுவனங்களுக்கான டைடல் நியோ கட்டடம் வந்திருக்கிறது, அங்கே என்னென்ன நிறுவனம் இருக்கிறது என்றும் ஒருமுறை நேரில் போய் விசாரி. ஊரிலேயே நல்ல குழு கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்து ஸ்கிரீன் செய்யச் சொல்லிப் பதிலே போடாமல் விட்டார்களே, அது உன் குறை என்று நினைத்துக்கொள்ளாதே. நான் ஆள் எடுக்கும்போது ஒரு ஸ்கிரீன், அதிகபட்சம் மூன்று மணி நேரம், அதற்கு மேல் கேட்கமாட்டேன். நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரை மணி நேரம் கூப்பிட்டுப் பேசுவேன். ஒருவருடைய நான்கு ராத்திரியை வாங்கிக்கொண்டு ஒரு வரி எழுதாமல் விடுவது பெரிய தப்பு. அடுத்த முறை யாராவது கேட்டால், “எத்தனை மணி நேர வேலை, எப்போது பதில் சொல்வீர்கள், இதை உங்கள் பொருளில் பயன்படுத்துவீர்களா” என்று மெயிலிலேயே கேட்டுவிடு. ஒழுங்கான இடம் இதற்குக் கோபப்படாது. அனுப்பிய ஐந்து ஸ்கிரீனும் உன் உழைப்பு. அவர்கள் பெயரை எடுத்துவிட்டு, எதற்காக ஒவ்வொன்றையும் அப்படி வைத்தாய் என்று எழுதி வைத்துக்கொள்.

தனியாக வேலை பிடித்தால், பாதிப் பணம் முன்னால் வாங்காமல் ஃபிக்மாவைத் திறக்காதே. எத்தனை தடவை திருத்தம் செய்வாய் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள். உள்ளூர் ஆட்களிடம் இதைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.


பதில்: கருப்பூர் டெவ்

நான் டிசைனர் கிடையாது, டிசைனர்கள் கொடுக்கிற ஸ்கிரீனைப் புரோகிராம் எழுதி ஆப்பாக்குகிறவன். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

புதியவர்கள் கொடுக்கிற ஃபைலில் எல்லா ஸ்கிரீனும் நல்ல நாளில் எடுத்த போட்டோ மாதிரி இருக்கும். பெயர் எப்போதும் சின்னதாக இருக்கும், பட்டியலில் எப்போதும் ஆறு வரி இருக்கும், நெட் எப்போதும் கிடைக்கும். நிஜத்தில் பட்டியல் காலியாக இருக்கும், அல்லது 400 வரி இருக்கும். ஏற்காடு ரோட்டில் பாதி வளைவில் சிக்னல் போய்விடும், அப்போது அடித்தது எங்கே போனது என்று ஸ்கிரீன் சொல்ல வேண்டும். ‘சேமித்தாச்சு, நெட் வந்ததும் அனுப்பும்’ என்று ஒரு வரி போதும். அந்த வரியை டிசைனர் எழுதித் தராவிட்டால் நாங்கள் ‘எர்ரர்’ என்று எதையாவது போட்டுவிட்டுப் போய்விடுவோம். காலி, நிறைய, தப்பு, நெட் இல்லை, இந்த நான்கையும் வரைந்து கொடுக்கிற டிசைனரை நாங்கள் கையோடு பிடித்து வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, எழுத்து எண்ணிக்கை. ஒரு முகவரிப் பெட்டிக்கு 15 எழுத்து எல்லை என்று ஒருவர் கொடுத்தார். நானும் அப்படியே கட்டினேன். செவ்வாய்ப்பேட்டை என்று எழுதிப் பாருங்கள். செ, வ், வா, ய், ப், பே, ட், டை. நம் கண்ணுக்கு எட்டே எழுத்து. ஆனால் யூனிகோடில் அடிப்படை எழுத்தும் (வ, ட மாதிரி) அதோடு சேரும் புள்ளியும் குறியும் தனித்தனி எண், அதனால் கணினிக்கு அது 16. கடைசி ஐகாரம் உள்ளே போகாமல் ‘செவ்வாய்ப்பேட்ட’ என்று நின்றுவிட்டது. எந்த எல்லை வைத்தாலும் தமிழில் நம் ஊர்ப் பெயரையே அடித்துச் சோதியுங்கள், சொந்தப் பெயரையும் இனிஷியலோடு அடியுங்கள். டிசைன் ஃபைலில் ஆங்கிலத்தை வைத்துவிட்டு ‘தமிழ் பிறகு வரும்’ என்று எழுதாதீர்கள். பிறகு வரவே வராது.

நேரம் கிடைத்தால், வெப் பக்கம் கட்டுகிற ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். புரோகிராம் எழுதச் சொல்லவில்லை. ஒரு பெட்டி எப்படி நீளும், எப்படி மடங்கும் என்று தெரிந்தால் எங்களோடு பேச்சு சுலபமாகிவிடும்.


கொலுசுத்தெரு (12 நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அக்கா, அந்த ஐந்து ஸ்கிரீனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு மனது லேசானது.

அப்பாவின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 24 வருடம் அந்த வீட்டில் இருந்தும் ஒருமுறைகூட அதைப் பிரித்துப் படித்ததில்லை. நீள நோட்டு, அட்டை முழுக்க பாலீஷ் கருப்பு. கொடுத்த வெள்ளி, டச் (வெள்ளியின் சுத்தம்), திரும்பி வந்த கொலுசு எடை, சேதாரம், கூலி, பாக்கி. ஒவ்வொரு வியாபாரிக்கும் நான்கு பக்கம். தேதியைக் கடைசியில்தான் எழுதுகிறார். ஏன் என்று கேட்டேன். “எடை மறந்து போயிடும், தேதி மறக்காது” என்றார். நான் எல்லா ஸ்கிரீனிலும் தேதியைத்தான் முதல் பெட்டியாக வைத்திருந்தேன்.

ஒரே ஒரு ஸ்கிரீன் வரைந்து, ஃபிக்மா புரோட்டோடைப்பை (தட்டிப் பார்க்கிற மாதிரி) அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். அதில் தட்டத்தான் முடியும், அடிக்க முடியாது என்பதால் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னேன். ‘கொடுத்த வெள்ளி, கிராம்’ என்று லேபிள் வைத்திருந்தேன். அப்பா 2.350 என்று எழுதினார். 2 கிலோ 350 கிராமை அவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார். கிராம் என்ற சொல்லை அவர் பார்க்கவே இல்லை. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டரை கிராம்கூட இல்லாத வெள்ளி கொடுத்ததாகக் கணக்கு ஏறியிருக்கும். எடை மேடை அக்கா ஞாபகம் வந்தது.

தறிக்காரர் பேரன் அழைத்தபடி அம்மாப்பேட்டைக்கும் போனேன். தாத்தா இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுத்தார், காப்பியும் கொடுத்தார். அவரும் புள்ளி வைத்துக் கிலோவில்தான் எழுதினார். பக்கத்துப் பட்டறையில் இரண்டு பேர், பெரியப்பா ஒருவர், ஆக ஐந்து பேரிடம் காட்டிவிட்டேன். ஐந்தில் நான்கு பேர் கிலோவில் எழுதினார்கள். ஒருவர் மட்டும் 350 என்று கிராமில் எழுதினார், ஏனென்றால் அவர் சின்னக் குழந்தைக் கொலுசு மட்டும் செய்கிறவர்.

அந்த நோட்டின் போட்டோ, ஐந்து பேர் எழுதிய காகிதம், நான் மாற்றிய ஸ்கிரீன், எல்லாவற்றையும் போர்ட்ஃபோலியோவில் முதல் வேலையாகப் போடுகிறேன். வியாபாரிகளின் பெயரை மறைத்துவிட்டுத்தான் போட்டோ எடுத்தேன், அப்பா அதில் கண்டிப்பாக இருந்தார். இரண்டாவது வேலை ஃபிளெக்ஸ் கடை. எனக்குப் பிடித்த ஆறு பேனரை எடுத்து, எந்தத் தூரத்தில் எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்தேன் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா நேற்று ராத்திரி சாப்பிடும்போது, “அந்தப் போன் கணக்குல பாக்கியை மேல கொண்டு வா, வியாபாரி போன் பண்ணினா அதைத்தான் கேப்பாங்க” என்றார். பேங்க் பரீட்சையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கிலோவா கிராமா என்பதை எப்படித் தீர்ப்பது? இரண்டு பட்டன் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா?


பதில்: சில்வர்ஓக்

ஐந்து பேரிடம் காட்டினாய் பார், பயன்பாட்டு எளிமை நிபுணர் யாகோப் நீல்சன் 2000-ல் எழுதியதும் அதே எண்தான். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்றார். உனக்கு முதல் ஆளிடமே வந்துவிட்டது.

இரண்டு பட்டன் வேண்டாம். வேலை நடுவில் அதைத் தட்ட மறந்துவிடுவார்கள், மறந்தால் தப்பு ஆயிரம் மடங்கு. ஒரே பெட்டி வை. 2.350 என்று அடிக்கும்போதே பெட்டிக்குக் கீழே ‘2 கிலோ 350 கிராம்’ என்று பெரிய எழுத்தில் காட்டு. புள்ளி இல்லாமல் 350 என்று அடித்தால் ‘350 கிராம்’ என்று காட்டு. வெறும் 2 என்று அடித்தால்தான் குழப்பம், அப்போது மட்டும் ‘2 கிலோவா, 2 கிராமா?’ என்று கேள். அவர்கள் கை பழக்கத்தை மாற்றாதே, நீ என்ன புரிந்துகொண்டாய் என்பதை மட்டும் உடனே திருப்பிச் சொல்லிவிடு.

இன்னொன்று, நிஜமாகக் கட்டும்போது எண் கீபோர்டு திறக்கும்படி கருப்பூர் தம்பியிடம் சொல். சில போனில் வெறும் எண் கீபோர்டில் புள்ளியே இருக்காது. அப்பா போனில் புள்ளி வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு எழுது.